மாமனார் பெயர்

அந்த வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். மாட்டுப்பட்டியின் மேல்மூலை. அங்கே கிடக்கிற கல்மேல் ஏறி நின்றால் எதிர்மலைக் கோபுரத்திலிருந்து இரண்டு கோடு விழும். இறங்கினால் மணியும் மெசேஜும் வரும், பேச்சு அறுந்து அறுந்து போகும்; பட்டியைத் தாண்டினால் அதுவும் போய்விடும். அந்த வீட்டு மருமகள் கால் வைக்கக் கூடாத இடமும் அதே மாட்டுப்பட்டிதான். பட்டிக்கு அடியில் வீட்டு முன்னோர்கள் படுத்திருக்கிறார்கள். வேறு வீட்டிலிருந்து வந்தவள் அவர்களை மிதிக்கலாகாது. பட்டிக்கும் பெரிய வீட்டுக்கும் நடுவிலிருக்கிற முற்றத்தைக்கூட அவள் குறுக்கே கடக்கக் கூடாது, வீடுகளின் பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். கோபுரம் கட்டியவன் இதையெல்லாம் யாரிடம் கேட்டான்? அவன் பாட்டுக்குக் கட்டிவிட்டுப் போனான்.

நோசாகெலேவுக்குப் புருஷனோடு பேச வேண்டுமென்றால் ஆற்றுப் பாதையில் பாதி தூரம் இறங்கி, ஒரு பாறைமேல் ஏற வேண்டும். புருஷன் மோண்டேவுக்கு ரஸ்டன்பர்க்கில் சுரங்க வேலை. வருஷத்துக்கு ஒருதரம், டிசம்பரில் வருவான்.

நோசாகெலே என்பது அவள் பெயரே இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் தலைத்துணியை நெற்றி மறைய இழுத்துக் கட்டி, தோளில் சால்வையைப் போட்டு, பாயில் உட்கார வைத்து, இந்த வீட்டுப் பெண்கள் வைத்த பெயர். வீட்டைக் கட்டுகிறவள் என்று அர்த்தம். அதற்கு முன்னால் அவள் கன்யிஸ்வா. வணிகவியலில் பட்டம் வாங்கியவள். அவள் அம்மா கடலோரத்து ஈஸ்ட் லண்டன் டவுனில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்தும், வீட்டிலிருந்த ஆடுகளை ஒவ்வொன்றாக விற்றும் வாங்கிக் கொடுத்த பட்டம். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். அதை எடுத்துக்கொண்டு அவள் ஏறாத ஆபீஸ் இல்லை. இப்போது பட்டம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது, அவள் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமில்லை, பெயரின் துண்டு எந்தச் சொல்லில் இருந்தாலும் அந்தச் சொல்லும் கூடாது. மாமனார் பெயர் வெலாபி. அவர்கள் பேச்சில் வெலா என்றால் தோன்றுவது. ஆகவே இந்த வீட்டுக்கு வந்தபிறகு நோசாகெலேவுக்குச் சூரியன் தோன்றியதே இல்லை. ஏறும், எழும், வெளுக்கும். தோன்றாது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் வாய் ஓயாமல் வாதாடியவள், காலையில் வாசலில் நின்று சூரியனுக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள்.

ஊரில் யாரும் கிழவரை வெலாபி என்று கூப்பிடுவதில்லை. குலப்பெயர் சொல்லி டோலோ என்பார்கள். நல்ல காரியமாக வந்தவர்கள் இன்னொரு குலப்பட்டத்தையும் சேர்த்து, டோலோ, ட்லாங்கமாண்ட்லா என்று நீட்டுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் கிழவருக்கு முதுகு நிமிரும். தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் குனிந்த முதுகு அது. நிமிர்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

சுரங்கத் தூசி அவர் நுரையீரலைக் கல்லாக்கிவிட்டது. படுத்தால் மூச்சு நிற்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம், அதுவும் விட்டுவிட்டு. வழக்குப் போட்டு, வழக்குப் போட்டவர்களில் பாதிப்பேர் செத்து, கடைசியில் இந்த வருஷம் நஷ்டஈடு வந்தது. பேங்கில் கணக்குத் திறந்து, கார்டு கொடுத்து, போனோடு இணைத்தும் விட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிவிட்டாள்: காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று, கரண்ட் போகும்போது அதை ஓட்ட வெயில் பலகை ஒன்று, இரண்டும் வாங்கினால் டோலோ படுத்துத் தூங்கலாம். வாங்காவிட்டால் அடுத்த குளிர்காலத்தைப் பற்றி நாம் பேச வேண்டாம். டவுன் கடையில் சொல்லி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை போய்ப் பணத்தைக் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் தொடங்கியதிலிருந்து கிழவர் ஒரு மாதிரியாக இருந்தார்.

முன்பெல்லாம் தலையணைக்கு அடியில் கிடந்த கார்டு இப்போது கோட்டு உள்பைக்குப் போயிருந்தது. நோசாகெலே களிச்சட்டியைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால், அவள் கையைப் பார்த்தார். கும்பிட்டுத் திரும்பினால் முதுகில் அவர் கண் குத்துவது தெரிந்தது. வந்த நாளிலிருந்து அவளிடம் கோபப்படாத மனுஷன். சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்தான். இப்போது அதையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, சமையல் வட்டவீட்டுக்குப் பின்னால், அவளும் மாமியாரும் மர உரலில் சோளம் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஜூலை மாசக் காற்று மலையிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வீசியது. மாமியாருக்கு ஊரில் பெயர் மாபெலே, பெலே குலத்து மகள் என்று. ஒருத்தி உலக்கையைத் தூக்க, ஒருத்தி போட, இடையிடையே பேச்சு.

"அப்பாவுக்கு என்மேல என்னம்மா கோவம்?" என்று நோசாகெலே கேட்டாள்.

"கோவமா? யாரு சொன்னா? அவரு இப்ப ரொம்ப சந்தோசமால்ல இருக்காரு. பேங்குல அவருக்கு ஒரு பங்காளி கெடச்சிருக்கான்."

உலக்கை நின்றது.

"பேங்குல என்ன பங்காளி?"

"இடிடி, நிறுத்தாத. திங்கக்கெழம போன் வந்துச்சு. நீ தண்ணிக்குப் போயிருந்த. பேங்குலருந்து ஒரு பையன். எடுத்த எடுப்புல என்ன குலம்னு கேட்டிருக்கான். இவரு டோலோன்னாரு. அட, நானும் டோலோதான், ட்லாங்கமாண்ட்லான்னு பாட ஆரம்பிச்சிட்டான். மொத்தப் பட்டத்தையும் ஒரு மூச்சுல சொன்னானாம். நம்ம மோண்டேக்குக்கூட அவ்வளவு வராது. பட்டிக்குள்ள நின்னு இவரு சிரிக்கிற சிரிப்பு எனக்கு இங்க கேட்டுச்சு."

"கூப்பிட்டது எதுக்கு?"

"எவனோ டர்பன் டவுன்ல இவரு கார்டை வச்சு டிவி வாங்கப் பாத்தானாம். இந்தப் பையன் பாத்துட்டு நிறுத்தி வச்சிருக்கானாம். நல்ல பிள்ள. நம்ம குலத்துப் பிள்ள."

"அம்மா, பேங்க்காரன் குலம் கேக்க மாட்டான்."

"ஏன் கேக்க மாட்டான்? பேங்க்குல வேலை பாத்தா குலம் இல்லாமப் போயிருமா? மனுசன்தானே?"

"கார்டு வந்த அன்னிக்கே நான் சொன்னேன். எவன் கூப்பிட்டு நம்பர் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. அவரு என்ன சொன்னாரு? மகோட்டி எனக்குச் சுரங்கம் சொல்லித் தர வேண்டாம்னாரு."

"அவரு நம்பர் எங்க குடுத்தாரு? பேசினாரு, அவ்வளவுதான். நேத்தும் பேசினாங்க. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். படிச்சவங்களுக்கு அப்படித்தான் போல."

நோசாகெலேவுக்குச் சுரீர் என்றது. மகோட்டி என்றால் புது மருமகள். வந்து மூன்று வருஷமாகியும் அந்த வார்த்தையில் புதுசு கழியவில்லை. சரி, அது போகட்டும். இந்த வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் அவள்தான் பார்த்தாள். நஷ்டஈட்டு வழக்குக்கு எழுத வேண்டியதையெல்லாம் எழுதியவளும் அவள்தான். அவர் அடையாள எண் பதின்மூன்று இலக்கமும் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். எழுதுவதற்கு மகோட்டி வேண்டும், சொல்வதைக் கேட்பதற்கு வேண்டாம்.

அப்போதுதான் பட்டியிலிருந்து குரல் கேட்டது. பாறையைத் துளைக்கிற மெஷின் சத்தத்தில் பாதிக் காதை விட்டுவிட்டு வந்தவர், போனில் கத்தித்தான் பேசுவார். காற்றும் இந்தப் பக்கமாகவே வீசியது.

"இருப்பா, இரு. கண்ணாடியை மாட்டிக்கிறேன். ஆங். ஃபோர். அப்புறம் நைன்... நைன். ஆமா ரெண்டு நைன். டூ..."

நோசாகெலே உலக்கையைப் போட்டாள். அது உருண்டு மாபெலேயின் காலில் இடித்தது.

"அப்பா!" என்று கத்தினாள். மாமனாரை நோக்கிக் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தரம். காற்று அவள் குரலை அவள் வாயிலேயே திணித்தது. "அப்பா, சொல்லாதீங்க!"

"...செவன். கெடச்சுதா தம்பி?"

பின்னால் சுற்றிப் போனால் சமையல் வீடு, பெரிய வீடு, கோழிக்கூடு, பிறகு தோட்டத்து வேலி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் புகுந்து முற்றத்துக்கு ஓடினாள். மாபெலே எட்டிச் சால்வையைப் பிடித்தாள்.

"எங்கடி போற? அது முற்றம்! ஆம்பளைங்க முற்றம்டி!"

சால்வை மாபெலேயின் கையில் தங்கிவிட்டது. தோளில் துணியில்லாமல், தலைத்துணி அவிழ்ந்து தொங்க, நோசாகெலே பட்டிக் கதவுக் கட்டையைத் தாண்டி உள்ளே குதித்தாள். காய்ந்த சாணி காலுக்கடியில் பொரபொரவென்று நொறுங்கியது. மிதிக்கக் கூடாதவர்களையெல்லாம் மிதித்துக்கொண்டுதான் ஓடினாள்.

கிழவர் கல்மேல் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் வாய் பிளந்து நின்றது.

அவள் கையை நீட்டிப் போனைப் பிடுங்கினாள். உள்ளே ஒரு இளம் குரல், தேன் மாதிரி: "டோலோ, பெரியவரே, இப்ப இன்னொரு நம்பர் வரும், அதையும் படிச்சிருங்க, திருடன் மாட்டிக்கிட்டான்..."

"மாட்டிக்கிட்டுதான்டா இருக்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வைத்த உடனே போன் குரல் கொடுத்தது. மணி இல்லை, மெசேஜ். பேங்க் அனுப்பிய மெசேஜ். வாங்கியாயிற்று, இவ்வளவு, இந்தக் கடை. அவள் கேள்விப்படாத ஊரில் ஒரு கடை. படித்து முடிப்பதற்குள் மறுபடி மணி அடித்தது, அதே ஆள். வெட்டினாள். மறுபடி அடித்தான். கிழவர் போனை அவன் விடப்போவதில்லை என்று புரிந்தது. அதை வைத்து பேங்க்கைக் கூப்பிட முடியாது. அதை அவர் கையிலேயே திணித்துவிட்டு, பாவாடை மடிப்பிலிருந்து தன் போனை எடுத்துக் கல்மேல் ஏறினாள். இரண்டு பேர் நிற்க முடியாத கல். கிழவர் இறங்கிக் கீழே நின்றார்.

"கார்டைக் குடுங்கப்பா. பின்னால நம்பர் இருக்கும். நிறுத்தணும்."

கிழவர் கோட்டின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். மூச்சு விசில் மாதிரி வந்தது.

"குடுங்கப்பா!"

"நீதான்னு... சொன்னான்."

"என்னது?"

"வீட்டுல... படிச்சவங்க யாருன்னு கேட்டான். மருமகதான்னேன். அவங்கள... நம்பாதீங்க, கார்டு விசயத்தை... அவங்ககிட்ட சொல்லாதீங்கன்னான். டோலோ பிள்ள... சொன்னான்."

கார்டு கோட்டுப் பைக்குள் போனதும், முதுகில் குத்திய கண்ணும் இப்போது அவளுக்கு விளங்கியது. நாலு நாள் இந்த வீட்டில் அவள் திருடியாக இருந்திருக்கிறாள். திருடி போட்ட களியைத்தான் தின்றிருக்கிறார்கள்.  கீழே கிழவரின் கையில் போன் இன்னொருதரம் மெசேஜ் என்று சத்தம் போட்டது.

"அப்பா, இங்க பாருங்க. நான் எங்க நிக்கறேன்? திருடறவ பட்டிக்குள்ள வந்து நிப்பாளா? ஊரே பாக்க உங்க அப்பா தாத்தா தலைமேல ஏறி நிப்பாளா? திருடறதுன்னா உரல்கிட்டயே சும்மா இருந்திருக்க மாட்டேனா?"

கிழவர் காலடி மண்ணைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு பைக்குள் கைவிட்டார். கார்டை எடுத்து நீட்டினார். கொடுத்த கையோடு இருமல் பிடித்துக்கொண்டது. அடைப்பு மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிரவில்லை.

மாபெலே முற்றத்தைத் தாண்டிப் பட்டிக் கதவுவரை வந்துவிட்டாள். வயசான பிறகு அவளுக்கு அதுவரை உரிமை உண்டு. சால்வையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

பேங்க் நம்பர் உடனே எடுத்தது. எந்த மொழி என்று மெஷின் கேட்டது, அமுக்கினாள். கொஞ்சம் பாட்டுப் போட்டது. நோசாகெலேவுக்கு அந்தப் பாட்டின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு ஒரு பெண்குரல்.

"வணக்கம், லிண்டெல்வா பேசறேன். என்ன உதவி வேணும்?"

"கார்டை நிறுத்துங்க. இப்பவே. எங்க மாமனார் கார்டு. ஒருத்தன் ஓடிபி வாங்கிக் காசை உருவிக்கிட்டிருக்கான்."

"பதறாதீங்க. மாமனார் பேசறாரா?"

"அவருக்கு மூச்சு வரல. நுரையீரல் நோவு. நான் மருமக."

"சரி. நிறுத்தறதுக்கு யாரு சொன்னாலும் போதும். திறக்கணும்னாத்தான் அவரு கிளைக்கு நேர்ல வரணும். அடையாள எண் சொல்லுங்க."

கடகடவென்று சொன்னாள்.

"முழுப்பேரு?"

காற்று மட்டும் அடித்தது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? கார்டுக்காரர் முழுப்பேரு?"

"சோபெக்வா."

"அது குடும்பப் பேரு."

"ஜாக்சன் சோபெக்வா." வெள்ளைக்காரப் பெயருக்குத் தடை இல்லை.

"அது நடுப்பேரு. முதல் பேரு ஒண்ணு இருக்கே, அது வேணும்."

நோசாகெலே கிழவரிடம் குனிந்து போனை அவர் வாயருகே பிடித்தாள். "அப்பா, உங்க பேரை மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை." கிழவர் வாயைத் திறந்தார். விசில்தான் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"நீங்க சொல்லுங்களேன்" என்று நோசாகெலே போனில் கெஞ்சினாள். "உங்களுக்கு ஸ்கிரீன்ல இருக்குமே. நீங்க படிங்க, நான் ஆமான்றேன்."

"நான் சொல்லக் கூடாதுக்கா. சொன்னா என் வேலை போயிரும். கூப்பிடறவங்கதான் சொல்லணும்." குரல் தணிந்தது. "எனக்குப் புரியுதுக்கா. நானும் மகோட்டிதான். எங்க மாமனார் பேரை நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. என்ன செய்யறது, இந்தக் கம்ப்யூட்டருக்கு மாமனார் கிடையாதே."

"என்னடி கேக்கறாங்க?" என்று மாபெலே கதவிலிருந்து கத்தினாள்.

"பேரு!"

"யாரு பேரு?"

"அவரு பேரும்மா! நீங்களாவது வந்து சொல்லுங்க!"

மாபெலே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் அவரை மோண்டே அப்பா என்பாள். டோலோ என்பாள். கோபம் வந்தால் இந்தாய்யா என்பாள். இந்த வீட்டுக்கு மகோட்டியாக வந்த நாளிலிருந்து அவ்வளவுதான். "நானா? என்னைச் சொல்லச் சொல்றியா? நீயும் சொல்லாதடி. அந்த மண்ணுல நின்னுக்கிட்டுச் சொல்லாத. ஏதாவது ஆயிரும்."

"ஆயிக்கிட்டுதாம்மா இருக்கு!"

கிழவரின் போன் மூன்றாவது தடவை மெசேஜ் சத்தம் போட்டது. போய்க்கொண்டிருப்பது பணம் மாதிரி அவளுக்குத் தெரியவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவர் இரவெல்லாம் இழுக்கிற மூச்சு அது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இழுப்புக் குறைகிறது.

"வெலாபி" என்றாள்.

"காத்து இரையுதுக்கா. சரியாக் கேக்கல. இன்னொரு தடவ?"

"வெலாபி!" என்று கத்தினாள். "வெலாபி ஜாக்சன் சோபெக்வா!"

மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. மண் பிளக்கவில்லை. போனுக்குள் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நிறுத்தியாச்சு. கணக்கும் கார்டும் ரெண்டுமே. இனி ஒரு சென்ட்டும் போகாது. அழைச்சவங்க பேரு சொல்லுங்கக்கா, பதிவுக்கு."

"கன்யிஸ்வா" என்றாள். அதுவும் தானாகவே வந்தது.

"கன்யிஸ்வாக்கா, கவனிங்க. அந்த ஓடிபியை வச்சுக் கார்டைத் தன் போன்ல ஏத்தி மூணு தடவை எடுத்திருக்கான். நாங்க அதைத் துரத்திப் பாக்கறோம், வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஓடிபி அவரே சொன்னதால சிக்கல்தான். மிச்சம் பத்திரம். போன காசை மீட்டுத் தர்றேன்னு ஒருத்தன் கூப்பிடுவான் பாருங்க, அவனும் அதே ஆளுதான். நாங்க யாரும் போன் பண்ணி நம்பர் கேக்கவே மாட்டோம். பின் நம்பர், ஓடிபி, கார்டுக்குப் பின்னால இருக்கற மூணு நம்பர், எதுவுமே. சந்தேகமா இருந்தா வச்சிட்டு நீங்களே கார்டுல இருக்கற நம்பருக்குக் கூப்பிடுங்க. பெரியவர்கிட்டச் சொல்லுங்க. கோவிச்சுக்காமச் சொல்லுங்க."

"பாக்கறேன்" என்றாள் நோசாகெலே.

கிழவரை இரண்டு பேருமாகத் தாங்கி வந்து பெரிய வீட்டுச் சுவரில் சாய்த்தார்கள். வெந்நீரில் நனைத்த துணியை மாபெலே அவர் நெஞ்சில் வைத்தாள்.  உரலில் பாதி இடித்த சோளத்தைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. நோசாகெலே போய்க் கோழியை விரட்டிவிட்டு, மிச்சத்தைத் தனியாக இடித்து முடித்தாள். இடிக்கிற ஒவ்வொரு இடியும் பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

கணக்குப் பார்த்ததில் வெயில் பலகைக்கான காசு போயிருந்தது. மெஷினுக்கான காசு தப்பித்திருந்தது. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு மூச்சு உண்டு.

சாயங்காலம் கிழவரின் அண்ணன் ஜோங்கி வந்தார். எதிர்மலையில் அவர் வீடு. கைத்தடியை ஊன்றி, புகைக்குழாயைக் கடித்தபடி, பெரிய வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நோசாகெலே முழங்காலிட்டுத் தேநீர் வைத்தாள்.

"நம்ம பட்டிக்குள்ள பாவாடை தெரிஞ்சதே, டோலோ" என்று தம்பியிடம் சொன்னார். "கண்ணு மங்கிப் போச்சோன்னு நெனச்சேன். அப்புறம் உன் பேரு காத்துல வந்துச்சு. காது இன்னும் நல்லாத்தான் இருக்கு எனக்கு."

கிழவர் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார்.

"பாட்டன் முப்பாட்டன் கோவிச்சா மழை வராது. மாடு கன்னு போடாது. ஆடு ஒண்ணு வெட்டணும். அவ பொறந்த வீட்டுலருந்து வரணும். அதான் முறை."

"எங்க வீட்டுல ஆடு கிடையாது பெரியப்பா" என்றாள் நோசாகெலே. அவளிடம் அவர் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னாள். "இருந்ததையெல்லாம் வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. அந்த ஆட்டையெல்லாம் சேத்துத்தான் இன்னிக்குக் காலையில நான் இங்க வெட்டினேன்."

ஜோங்கி புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்தார். "வாயைப் பாத்தியா?"

"கேட்டேன்" என்றார் கிழவர். மூச்சு வாங்கிக்கொண்டார். "மொதல்ல மெஷின் வரட்டும். அப்புறம் ஆட்டைப் பேசலாம்." அவ்வளவுதான் சொன்னார். நீ செஞ்சது சரி என்றோ, உன்னைச் சந்தேகப்பட்டேனே என்றோ ஒரு வார்த்தை இல்லை. நோசாகெலே தட்டை எடுத்துக்கொண்டு, வீடுகளின் பின்னால் சுற்றிச் சமையல் வீட்டுக்குப் போனாள். ராத்திரி களியைக் கொண்டுபோய் வைத்தபோதுதான் கிழவர் தரையைப் பார்த்தபடி கேட்டார்:

"சாப்பிட்டியா?"

"இல்ல" என்றாள். பொய்தான். தின்றுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கிழவர் பட்டிக்குள் நிற்கும்போதே போன் வந்தது. வேறு குரல். பேங்கின் மீட்புப் பிரிவாம், போன பணத்தைத் திருப்பித் தருவார்களாம். டோலோ, ட்லாங்கமாண்ட்லா என்று அவனும் பாடினான். கிழவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிப்பா. உங்க அப்பனைப் புதைச்ச பட்டி எந்த ஊர்ல? பக்கத்து வீட்டுக்காரன் யாரு? ஆத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா?"

அந்தப் பக்கம் லைன் செத்துப் போயிற்று. கிழவர் கல்லிலிருந்து இறங்கி, சமையல் வீட்டுப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஊரே இல்லாத பய!"

"திங்கக்கெழமையே கேட்டிருக்கலாம்" என்றாள் நோசாகெலே, உரலிடம்.

கணக்கைத் திறக்க அன்றைக்கே டவுனுக்குப் போனார்கள். வேனின் பின்தட்டில் கம்பளி போர்த்தி, கிழவரை நடுவில் வைத்து, இரண்டு பெண்களும் இரண்டு பக்கம். பேங்கில் ஓய்வூதியம் வாங்குகிற கூட்டம். ஒரு ஆள் எழுந்தால் பெஞ்சில் இருக்கிற எல்லோரும் ஒரு இடம் நகர வேண்டும். காலையில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து மத்தியானம் வரை வந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பதில் இல்லையென்றால் இரண்டாவது தரம். அதற்கும் இல்லையென்றால் அட்டையைக் கடைசியில் சொருகிவிட்டு அடுத்த ஆள். நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். மெஷின் கடைக்காரன் இன்று மட்டும்தான் வைத்திருப்பேன் என்று சொல்லியிருந்தான், மெஷின் கேட்டு வேறு ஆட்களும் இருந்தார்கள்.

கிழவர் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பேங்க் சுவர் அவருக்குத் தோதாக இருந்தது போலிருக்கிறது. பல நாள் தூக்கம் அங்கே வந்து அமுக்கியது. பாதிக் காதும் தூங்கிவிட்டது.

"வெலாபி சோபெக்வா!" என்று கண்ணாடிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

கிழவர் அசையவில்லை. மாபெலே அவர் தொடையைத் தட்டினாள். "இந்தாய்யா. டோலோ." அந்தக் கூட்டத்தில் டோலோ குலத்தார் பலர் இருந்திருக்க வேண்டும், மூன்று தலை திரும்பியது. கிழவர் தலை திரும்பவில்லை.

"வெலாபி சோபெக்வா, இருக்கீங்களா?"

பெண் அட்டையைக் கடைசியில் சொருகக் கையைத் தூக்கினாள். நோசாகெலே எழுந்தாள். ஒருதரம் சொன்னவள்தானே, இனி என்ன. வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்தில் ஒரு குரல் வெடித்தது. இந்த வீட்டில் அவள் வந்த நாளிலிருந்து கேட்டறியாத குரல். வயல்வெளியில் மாட்டை ஓட்டுகிற குரல்.

"வெலாபி! ஏ வெலாபி! எந்திரிய்யா, உன்னத்தான் கூப்பிடறாங்க!"

கிழவர் துள்ளி எழுந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். யார் கூப்பிட்டது என்று தெரிந்தபோது அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடியை நோக்கி நடந்தார். கண்ணாடியின் முன்னால் நின்று, யாரும் கேட்காமலே, "நான்தான் வெலாபி" என்றார்.

மாபெலே உட்கார்ந்தாள். சால்வையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.  நோசாகெலே பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் எல்லோரும் ஒரு இடம் நகர, அவர்களும் நகர்ந்தார்கள்.

மாபெலே அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"உங்க பெரியப்பாகிட்டச் சொல்லிரு. ரெண்டு ஆடு."